விட்டு விட்டு வரும் குரல்

இடிக்குதுங்களா? இந்த மூலைதான் இடிக்கும். கொஞ்சம் என் பக்கம் சாய்ச்சுக்கறேன். மேல வையின்னுதான் கண்டக்டர் சொன்னாரு. மேல வச்சா இந்த ரோட்டுக் குலுக்கல்ல உள்ள இருக்கற தட்டு போயிரும். எல்லாத்தையும் எழுதி வைக்கிற தட்டுங்க, ஹார்ட் டிஸ்க்கு. அது போச்சுன்னா நான் திருச்சிக்குப் போறதே வீண். போனாலும் வீண்தான்னு என் வீட்டுல சொல்றா. அது வேற விஷயம்.

புதுசு இல்லைங்க, பழைய கம்ப்யூட்டரு. வெறும் பெட்டிய மட்டும் கழட்டி, துண்டச் சுத்திக் கொண்டு போறேன். பட்டுக்கோட்டையில ஏறும்போதே ஒருத்தர், என்னங்க, புள்ளையத் தூக்கிட்டுப் போற மாதிரி மடியில வச்சிருக்கீங்கன்னாரு.

நீங்களே சொல்லுங்க. உலகத்துல எல்லாரும் என்ன கேப்பாங்க? சத்தம் விட்டு விட்டு வருது, சரி பண்ணிக் குடுன்னு கேப்பாங்க. ஒரு அம்மா வந்து, நான் சரி பண்ணிக் குடுத்தப்பறம், தம்பி, இது விட்டு விட்டு வர்ற மாதிரி பண்ணிக் குடுங்குது. எங்கயாவது கேட்டிருக்கீங்களா? நல்லா ஓடுற வண்டியக் கொண்டாந்து, அங்கங்க நிக்கிற மாதிரி பண்ணுன்னா மெக்கானிக் என்ன சொல்லுவான்?

எனக்குத் தொழில் இது இல்லைங்க. நான் ஐஸ் கம்பெனியில ராத்திரி ஷிப்டு. மீனுக்குப் போடுற ஐஸு. கம்ப்ரசர் பக்கத்துல உக்காந்து உக்காந்து காது கொஞ்சம் மந்தம். கம்ப்யூட்டர் யாரும் சொல்லித் தரல. ஒரு ஆபீஸ்ல கழிச்சுப் போட்டத வாங்கியாந்து, வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். பாதி வீடியோ இந்திக்காரன் பேசுறது. ஒரு எழவும் புரியாது. அவன் கை எங்க போகுதுன்னு பாத்துக்குவேன், அவ்வளவுதான்.

பழைய கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுப்பேன். கல்யாணத்துல வாசிச்ச மேளம், பள்ளிவாசல்ல பேசுன பயான், அப்படி ஏதாவது கொண்டாருவாங்க. டேப் ரெக்கார்டர்ல ஓடவிட்டு, அதுலேருந்து ஒரு வயர், அந்த வயர் போய் ஒரு குட்டி சாமான்ல சேரும். யூஎஸ்பி சவுண்டு கார்டும்பாங்க, கட்டவிரல் தண்டிதான் இருக்கும். அதக் கம்ப்யூட்டர்ல சொருகிட்டா சத்தம் உள்ள போயிரும். சொல்றதுக்கு அவ்வளவுதான். பண்ணிப் பாத்தாத்தான் தெரியும்.

விட்டுவிட்டு வரும்ங்க. நல்லாப் போய்க்கிட்டே இருக்கும், திடீர்னு ஒரு கண் சிமிட்டுற நேரம் ஒண்ணுமே இருக்காது. மறுபடி வரும். தவில் வாசிக்கிறவர் கைய யாரோ புடிச்சுப் புடிச்சு விடற மாதிரி. காதுல எனக்குச் சட்டுனு புடிபடாது, ஆனா திரையில பாத்துருவேன். சத்தம் அதுல கோடு கோடா, மலை மலையா வரும்ல, நடுவுல ஒரு எடம் தட்டையா, துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். நான் காத விடக் கண்ணத்தான் நம்புறது.

போன ஐப்பசியில ஆரம்பிச்சது இந்த ரோதனை. என்ன பண்ணல நான்? முன்னாடி இருக்கற ஓட்டையில சொருகாத, பின்னாடி சொருகுன்னான் ஒருத்தன். சொருகுனேன். மவுசும் இதுவும் பக்கத்துப் பக்கத்து ஓட்டையில இருந்தா ஒண்ணோட பங்க ஒண்ணு திங்கும், தனியாப் போடுன்னான். போட்டேன். வைரஸ் புடிக்கிற புரோகிராம நிறுத்துன்னான். நிறுத்துனதுல வைரஸே வந்துருச்சு. அப்பறம் பஃபரும்பாங்க. சத்தம் தண்ணி மாதிரி வருதா, அத வாளி வாளியாப் புடிச்சு ஊத்துதாம் கம்ப்யூட்டரு. வாளி சின்னதா இருந்தா மாத்தறதுக்குள்ள சிந்திருமாம். வாளியப் பெருசாக்குனேன். வேற சவுண்டு கார்டு வாங்குனேன். அது இன்னும் மோசம், இருமுற மாதிரி ஒரு சத்தத்த அதுவே சேத்துக் குடுத்துச்சு.

என் வீட்டுல சொல்லுவா, "ராத்திரி பூரா மெஷின் சத்தம், பகல் பூரா இந்தச் சத்தம். நான் பேசறது மட்டும் எப்பவாவது உங்க காதுல விழுகுதா?" அப்பறம் அவளே, "அதுவும் விட்டு விட்டுத்தான் விழுகும்"பா. சிரிக்கிறீங்க. வாழ்ந்து பாருங்க.

அந்த நேரத்துலதான் ஹவ்வா லாத்தா வந்துச்சு. அதிராம்பட்டினம். லாத்தான்னா அக்கா, அங்க அப்படித்தான் கூப்புடுவாங்க. மருமக ஷமீமாவக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. ஒரு துணிப்பை, அதுக்குள்ள இன்னொரு பை, அதுக்குள்ள ஒரு கைக்குட்டை, அதுக்குள்ள ஒரே ஒரு கேசட்டு. வீட்டுக்காரர் ஜக்கரியா சவுதியில, தம்மாம்ல லாரி ஓட்டுனவரு. அப்பல்லாம் போன் பேசறது லேசா? ஆளுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வச்சுக்கிட்டு, காயிதம் போடறதுக்குப் பதிலா பேசிப் புடிச்சு, ஊருக்கு வர்றவங்க கையில குடுத்து விடுவாங்க. இங்கேருந்து பொண்டாட்டி அதே கேசட்டுல அதுக்கு மேலயே பதில் பேசி, போறவங்க கையில குடுத்து விடும். ஒரே கேசட்டு போய்ப் போய் வரும். அவரு பேச்ச அழிச்சுத்தான் இது பேசும், இது பேச்ச அழிச்சுத்தான் அவரு பேசுவாரு.

இது கடைசியா வந்தது. பதில் பேசறதுக்குள்ள தகவல் வந்துருச்சு. லாரி கவுந்துருச்சு, அங்கயே அடக்கமும் பண்ணிட்டாங்க. அதனால இதுல மட்டும் அவரு பேச்சு தங்கிருச்சு. வேற எதுவும் இல்ல லாத்தாகிட்ட. மகனுக்கு அப்பத்தான் பல்லு மொளைக்கிற வயசு.

"தம்பி அடைக்கலம், நாடா தேஞ்சு போச்சுப்பா. பழுப்புப் பழுப்பா உதிருது. இது போறதுக்குள்ள அவுக பேச்ச அப்படியே எடுத்துக் குடுத்துரு"ன்னுச்சு.

அப்படியேன்னுச்சு. அதத்தான் நானும் சொன்னேன், ஒரு சொல்லு விடாம எடுத்துத் தர்றேன் லாத்தான்னு.

நாடாவப் பாத்தா எனக்கே பயம். அதிகம் ஓட்டக் கூடாது. முதத் தடவ ஓட்டுனேன். அங்கங்க விட்டுருச்சு. வார்த்தை நடுவுலயே விட்டுச்சு. ரெண்டாவது தடவ, அதே கத, வேற எடத்துல. ஒவ்வொரு தடவையும் டேப் ரெக்கார்டர் வாயத் தொறந்தா பழுப்புத் தூளு. இனி இத ஓட்டறதில்ல, முதல்ல இந்த விட்டு விட்டு வர்றதுக்கு ஒரு வழி பண்ணிட்டுத்தான்னு எடுத்து வச்சுட்டேன். லாத்தா வாரம் தவறாம வரும். ஒண்ணும் கேக்காது. எங்க வீட்டுத் தண்ணி ஒரு டம்ளர் குடிச்சிட்டு, கைக்குட்டையில இருக்கற கேசட்டத் தடவிப் பாத்துட்டுப் போயிரும்.

அப்பறம் கண்டுபுடிச்சேன். நானாத்தான் கண்டுபுடிச்சேன், எந்த வீடியோவும் சொல்லல. கம்ப்யூட்டரு கரண்ட மிச்சம் புடிக்கிறேன்னு அந்த ஓட்டைய அப்பப்பத் தூங்க வைக்குதுங்க. செட்டிங்குல போய்ப் போய், ஒரு மூலையில ஒரு சின்ன டிக்கு. தேவையில்லாதப்ப இதுக்குக் கரண்ட நிறுத்தலாம்னு போட்டிருக்கு. எவன் போட்டான்? நானா போட்டேன்? அந்த டிக்க எடுத்தேன். ஒரு நாயன கேசட்டப் போட்டுப் பாத்தேன். ரெண்டு பக்கமும் ஒரு எடத்துலயும் விடல. எந்திரிச்சு நின்னுட்டேன். வீட்டுல கூப்புட்டுக் காட்டுனா, "கோடுதானே தெரியுது"ங்கறா.

அன்னைக்கே லாத்தா கேசட்டப் போட்டேன். கடைசி வரைக்கும் ஓடுச்சு, நிறுத்துனேன். நாடாவத் திரும்பச் சுத்தலாம்னு அமுக்குனேன் பாருங்க, டேப் ரெக்கார்டர் முழுங்கிருச்சு. உள்ள சிக்கி, சுருண்டு, பாதி எடத்துல பழுப்பே இல்ல, வெறும் கண்ணாடி மாதிரி. ஆனா எனக்குப் பதட்டம் இல்ல. பேச்சுதான் உள்ள வந்துருச்சே.

பழைய கேசட்டுல எப்பவும் ஒரு இரைச்சல் ஓடும், மழை தூரத்துல பெய்யற மாதிரி. முதல்ல அத எடுத்தேன். அதுக்கு ஒரு வசதி இருக்கு, எது இரைச்சல்னு ஒரு எடத்துல காட்டிட்டா, எல்லா எடத்துலயும் தொடைச்சிரும். ரெண்டு மூணு தடவ தொடச்சேன். பளிச்சுனு ஆயிருச்சு. அப்பறம் திரையப் பாக்கறேன்.

தட்டை. எங்க பாத்தாலும் தட்டை. கொஞ்சம் பேச்சு, ஒரு தட்டை. இன்னும் கொஞ்சம், அதவிடப் பெருசா ஒரு தட்டை. முன்னால கண் சிமிட்டுற நேரம்தான் விடும், இப்ப ஆள் எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வர்ற நேரம் விட்டிருக்கு. கெடுத்துருச்சேன்னு தலையில கை வச்சுட்டேன். மறுபடி ஓட்ட நாடா இல்ல. அப்பறம் உத்துப் பாத்தா ஒரு ஆச்சரியம். ஒரு வார்த்தைகூட நடுவுல அறுபடல. எல்லாம் சொல்லி முடிச்ச எடமாப் பாத்துத்தான் விட்டிருக்கு. நம்ம நல்ல நேரம்னு நெனச்சேன். சத்தம் இல்லாத எடத்தயெல்லாம் தானாத் தேடி வெட்டி, ரெண்டு பக்கத்தையும் ஒட்டுற வசதி ஒண்ணு இருக்கு. அதப் போட்டேன். நீளமா இருந்தது சுருங்கிச் சின்னதாயிருச்சு. ஒட்டுன எடம் தெரியல. தட்டுல எடம் பத்தாது எனக்கு, அதனால பழசு மேலயே பதிஞ்சுட்டேன். முதல்ல விட்டு விட்டு எடுத்த ரெண்டையும் அப்பவே அழிச்சுட்டேன்.

லாத்தா வந்துச்சு, ஷமீமாவும். நாற்காலி போட்டேன், உக்காரல. ஸ்பீக்கர் முன்னாடி நின்னுக்கிட்டே இருந்துச்சு. போட்டேன்.

அஸ்ஸலாமு அலைக்கும் ஹவ்வான்னாரு. லாத்தா வாயத் தொறந்துச்சு. அதுக்குள்ள அவரு, நல்லாருக்கியா, புள்ள நல்லாருக்கானா, பல்லு மொளச்சிருச்சா, உம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கு, மழ பேஞ்சுச்சான்னு போய்க்கிட்டே இருக்காரு. லாத்தா வாயி தொறக்குது, மூடுது. தொறக்குது, மூடுது. ஏதோ முணுமுணுன்னு சொல்லுது. ஓதுதுபோலன்னு நெனச்சேன். பேச்சக் கவனிக்காம ஓதுதேன்னுகூட எனக்குக் கொஞ்சம் சங்கடம். முடிஞ்சுது.

"சுத்தமா இருக்கா லாத்தா?"

"நிக்கவே இல்லையே தம்பி."

"ஆமா லாத்தா, ஒரு எடத்துலயும் நிக்கல" அப்படின்னேன். சந்தோஷமாத்தான் சொன்னேன்.

"இல்ல தம்பி. அவுக நிப்பாக. கேட்டுட்டு நிப்பாக. நான் சொல்லி முடிச்சப்பறம்தான் அடுத்தது கேப்பாக."

எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஷமீமாதான் சொல்லுச்சு. அவரு பேசும்போதே பொண்டாட்டி எதிர்ல இருக்கற மாதிரி, கேட்டுட்டு டேப்ப ஓடவிட்டுட்டுச் சும்மா இருப்பாராம். இது பதில் சொல்றதுக்கு எடம் விட்டு. "நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல, மாமி வெள்ளிக்கிழம மத்தியானம் கதவச் சாத்திக்கிட்டுப் பேசறது கேக்கும் அண்ணே. போன்ல பேசறாகன்னு இருந்தேன். எங்க வூட்டுக்காரவுக வாப்பாவப் பாத்ததே இல்ல. கதவுக்கு வெளிய நின்னு ரெண்டு பேரு பேச்சையும் கேட்டுத்தான் வளந்தேம்பாக."

ரெண்டு பேரு பேச்சா? நான் பாத்தேனே. அதுல ஒரு ஆளு பேச்சுதான் இருந்துச்சு.

சரி, யாருக்குத் தெரியும் இப்படி ஒரு பழக்கம் இருக்கும்னு? எத்தன கேசட்டு ஏத்திருக்கேன், எவனும் இப்படிப் புடிச்சதில்ல. முதல்லயே சொல்லிருக்கணுமா இல்லையா? என் தப்பு என்ன இதுல? உங்களத்தான் கேக்கறேன்.

மறுநாள் லாத்தா மட்டும் வந்துச்சு. கோபமெல்லாம் இல்ல. "நீ வெட்டுன எடத்துல திரும்ப வச்சிரு தம்பி, எங்கங்கன்னு நான் சொல்றேன்"னுச்சு. வைக்கலாம். சத்தம் இல்லாத எடத்தச் செஞ்சு சொருகறதுக்கும் ஒரு வசதி இருக்கு, எத்தன விநாடின்னு கேக்கும். "எத்தன விநாடி லாத்தா?"ன்னேன். "விநாடியா? வ அலைக்கும் ஸலாம், நல்லாருக்கேன், நீங்க சாப்புட்டீங்களான்னு சொல்ற நேரம்"ங்குது. சரி சொல்லுங்கன்னேன். சொல்லுச்சு. அளந்து சொருகுனேன். போட்டுப் பாத்தா, இது சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவரு வந்துட்டாரு. கூட்டி வச்சேன். இப்ப இது முடிச்சிட்டுக் காத்துக்கிட்டு நிக்கிது, அவரக் காணும்.

"அவுக அன்னைக்கி நின்ன மாதிரியேதான் நின்னாக. நான்தான் வயசாகி மெதுவாயிட்டேன். அதனால ஒவ்வொண்ணாக் கொறச்சுக்கிட்டேன். மொதல்ல பெருசாச் சொல்லுவேன், அப்பறம் பல்லு மொளச்சிருச்சுன்னு மட்டும், அப்பறம் ம்முன்னு மட்டும். அவுகளுக்குப் பொருந்தி வந்துரும்"ன்னுச்சு.

பாதி சாயங்காலம் உக்காந்தோம். ஒரு எடம் வந்துச்சு. வர முடியல ஹவ்வா, இந்தப் பெருநாளைக்கும் முதலாளி லீவு தரலங்கறாரு. உடனே, சரி சரி, அழாதங்கறாரு.

"இங்க எவ்வளவு லாத்தா?"

"அது எனக்குத் தெரியாதே தம்பி. நான் அழுதுக்கிட்டு இருப்பேன். அவுக அழாதன்னு சொன்னாத்தான் நிறுத்துவேன். அவுகளுக்குத்தான் தெரியும்."

இதுக்கு நான் எத்தன விநாடின்னு போடறது? ஏதோ ஒண்ணப் போட்டேன். ஓடவிட்டேன். லாத்தா கண்ண மூடிக் கேட்டுச்சு. அழல. நடுவுலயே கண்ணத் தொறந்துருச்சு.

"இது அவுக நிக்கிறது இல்லப்பா. இங்க யாருமே இல்ல."

"எடம் விட்டிருக்கேனே லாத்தா."

"எடம் இருக்கு. அவுக மூச்சு விடறது கேக்குமே. கட்டில் கிறீச்சுங்குமே. ஒரு எடத்துல தொண்டையக் கனைப்பாக, நான் சீக்கிரம் சொல்லி முடிக்கணுமேன்னு அவசர அவசரமாச் சொல்லுவேன். அதெல்லாம் எங்க?"

"அது இரைச்சல் லாத்தா"ன்னேன். வேற என்ன சொல்றது? இரைச்சல்தான் அது. எந்த வீடியோவப் பாத்தாலும் முதல் வேலையா அதத்தான் எடுக்கச் சொல்றான்.

"சரி தம்பி, விடு"ன்னுச்சு. கேசட்டுக் கூட்ட வாங்கிக் கைக்குட்டையில சுத்திக்கிச்சு. உள்ள நாடாவே இல்ல, வெறும் கூடு. போயிருச்சு.

அந்த அம்மா தொல்லை தாங்கலைங்க. அதான் கிளம்பிட்டேன்.

இன்னும் வருதான்னு கேட்டா... வரல. அதுக்கப்பறம் வரவே இல்ல. வந்து நாலு வார்த்த திட்டுனாலும் பரவாயில்ல. ஷமீமாவ மார்க்கெட்டுல பாத்தேன். மாமி எப்படி இருக்காகன்னேன். இருக்காக அண்ணேன்னுச்சு. வெள்ளிக்கிழமன்னா மத்தியானம் கதவச் சாத்திக்கிறாகளாம். உள்ள ஒரு சத்தமும் இல்லையாம்.

திருச்சியில ஒருத்தர் இருக்காராம். அழிச்சது, மேல எழுதுனது எதுவானாலும் தட்டத் தொறந்து தோண்டி எடுத்துருவாராம். போன்ல பேசுனேன். அழிச்சப்பறம் கம்ப்யூட்டர ஓட்டுனீங்களான்னாரு. ஓட்டுனேன். ஏதாவது பதிஞ்சீங்களான்னாரு. ரெண்டு கல்யாண வீடியோ, ஒரு காதுகுத்து. மேல மேல எழுதிட்டீங்களே, அடியில ஒண்ணும் இருக்காதே, வந்து என்ன பண்ணப் போறீங்கன்னாரு. வர்றேன்னேன். வராதீங்க, வீண் அலைச்சல்னாரு. இல்ல, வர்றேன்னு வச்சுட்டேன்.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? எனக்கும் தெரியும்ங்க. தெரியாமலா வர்றேன். ஷிப்டு முடிஞ்சு வீட்டுக்குப் போனா அந்த நாற்காலி ஸ்பீக்கர் முன்னாடியே கெடக்கு. வேற எங்கதான் போறது?

போன்ல வச்சிருக்கேன் அத. நீங்க ஒரு தடவ கேக்கறீங்களா? இந்த வயரக் காதுல மாட்டுங்க. இன்னொண்ணையும் மாட்டுங்க, பஸ் சத்தம் கேக்காது. போட்டுட்டேன். வருதா? ஸலாம் சொல்றாரா? ஆமா, வேகமாத்தான் போகும், ஒட்டிட்டேன்ல.

லீவு தரலங்கற எடம் வந்துருச்சா? அதுக்கும் அழாதங்கறதுக்கும் நடுவுல பாருங்க. நான் வெட்டும்போது ஏதாவது துளி ஒட்டிக்கிட்டு நின்னிருக்கும். அந்த ஆளு மூச்சு விடறது கேக்குதா?

இல்லியா.

கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க. இருங்க, இன்னொரு தடவ போடறேன்.